கச்சான் பக்கம் ரெண்டு

மண்டபத்தில், ஐஸ் ஆலைக்குப் பின்னால்
நசுருதீன் கடை. முன்பக்கம் ஜெராக்ஸ், ரீசார்ஜ்.
பிளைவுட் தடுப்புக்கு அப்பால்
நாலு நாற்காலி, நாலு திரை,
உப்புக்காற்றில் துருவேறி
குளிரைவிடச் சத்தத்தை அதிகம் தரும் ஏசி.

தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் நங்கூரத்தில் தூங்குகின்றன.
ஜெர்சனுக்குக் கடல் இல்லை,
வலை பார்க்கப் பொறுமையும் இல்லை.
நான் மருந்துக்கடை ஷட்டரை இறக்கிவிட்டு
விரலில் டெட்டால் வாசத்தோடு வருவேன்.
நாலாவது ஆள் தவமணி சார்,
வங்கிக் காசாளர், உசிலம்பட்டிக்காரர்,
கடலை முதன்முதலில் பார்த்தது போன தையில்தான்.

கதை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது.
ஏதோ கிரகம், ஏதோ சுரங்கம்,
ஒரு தளபதி தொண்டையைச் செருமுவார்.
அவர் வாய் திறக்குமுன் ஜெர்சன்
ஒரு பொத்தானை அமுக்கி அனுப்பிவிடுவான்.
இது மூன்றாவது வாரம்.
எதற்குச் சுடுகிறோம் என்று இன்னும்
எங்கள் நாலு பேருக்கும் தெரியாது.

பூச்சிகள் வரும்.
எட்டுக் கால், சிலதுக்கு ஒன்பது
(எண்ணிப் பார்த்தேன், ஒன்பதில் செத்தேன்).
சுடு.
சுவரிலிருந்து வரும், கூரையிலிருந்து வரும்,
சுட்டதன் வயிற்றிலிருந்து குட்டியாய் நாற்பது வரும்.
சுடு சுடு சுடு.
பச்சைக்கூழ் திரையெல்லாம் தெறித்து
மெல்ல வழிந்து காணாமல் போகும்,
துடைக்கவும் வேண்டாம்.

இடது வலது ஜெர்சன் வாயில் வராது.
"கச்சான் பக்கம் ரெண்டு! வாடைல பெருசு ஒண்ணு!
ஏய், சோளகத்த யாரு பாக்குறது?"
நானும் நசுருதீனும் திரும்பிவிடுவோம்.
தவமணி சார் மட்டும் நட்டநடுவில் நின்று
"கச்சான்னா எது தம்பி?" என்று
கேட்டு முடிக்குமுன் விழுவார்.
ஒரே மாலையில் பதினோரு தடவை.

மறுநாள் முகாம் பக்கத்துப் பெட்டிக்கடையில்
விசாரித்திருக்கிறார் மனிதர்.
கச்சானா, இந்தாங்கோ என்று
வறுத்த வேர்க்கடலை
ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்துவிட்டார்கள்.
அதை அன்று எல்லோரும் தின்றோம்.
மவுஸ் முழுக்கக் கடலைத்தோல்.

விழுந்தவரை எழுப்ப
பக்கத்தில் போய்க் குந்தி
ஐந்து விநாடி ஒரே பொத்தானை அழுத்த வேண்டும்.
சுற்றிலும் நாற்பது பூச்சி இருக்கும்போது
அது ரொம்ப நேரம்.
இருந்தும் ஓடி வருவார்கள்.
ஏன் விழுந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை.
நான் ஒருமுறை குறி தப்பி
நசுருதீன் காலடியிலேயே குண்டு போட்டேன்.
எழுந்து வந்தவர் சொன்னது இவ்வளவுதான்:
"உனக்கு இன்னைக்கு மணிக்குப் பத்து ரூவா கூட."

ஜெராக்ஸ் எடுக்க வந்த கல்லூரிக்காரர் ஒருவர்
தடுப்பின் மேலாக எட்டிப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
இந்தப் பூச்சிகள் எதன் குறியீடு என்றார்.
ரோந்துக் கப்பலா? டீசல் விலையா?
வட்டிக்காரனா?
ஜெர்சன் யோசித்தான்.
யோசித்ததால் செத்தான்.
"பூச்சிண்ணே," என்றான் கிடந்தபடியே,
"வெறும் பூச்சி.
யாராவது எழுப்புங்கடா."

பத்தரைக்கு வெளியே வந்தால்
காதில் இன்னும் டபடபவென்று கேட்கும்.
தலைக்குள் ஒன்றுமே இருக்காது,
கழுவிக் கவிழ்த்த ஐஸ்பெட்டி மாதிரி.
விளக்குக் கம்பத்தடியில் நண்டு ஒன்று
ரோட்டைக் குறுக்கே கடக்கும்.
நாலு பேரும் நிற்போம்.
யாரும் ஒன்றும் சொல்வதில்லை.
ஆனால் எனக்குத் தெரியும்,
நாலு ஆள்காட்டி விரலும் லேசாக மடங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை நகைக்கடன் வரிசை
வங்கி வாசல்வரை நின்றதாம்.
காசாளர் கண்ணாடிக்குள்ளிருந்து எழுந்து,
"மூட்டுக் கிழிச்சவங்க எல்லாம்
கொண்டல் பக்கக் கவுண்டருக்குப் போங்க" என்றாராம்.
வந்திருந்த பெண்கள்
ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை.
சரியாகக் கிழக்கே போய் நின்றார்களாம்.